கண்ணாடியை மூடி வைத்தவர்

முதலமடை,
23.6.2025

யோகப்பிரியாவுக்கு,

இதைக் கடிதம் என்று நினைத்துக்கொள்ளாதே. விளக்கம் கேட்டு எழுதுகிறேன், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் மாரியம்மன் கோவிலில் நாலு பேர் பார்க்கச் சூடத்தை ஏற்றி, கையால் அணைத்து, நான் செய்த சத்தியம் உனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நீ வேலை பார்க்கிற ஹில் கிரௌன் ஓட்டலின் வாசலை மிதிக்க மாட்டேன், உன்னோடு பேச மாட்டேன். இந்த இரண்டையும் போன வாரம் வரை காப்பாற்றி வந்தேன். எழுத மாட்டேன் என்று சத்தியத்தில் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சொட்டுநீர்க் குழாய் விற்கும் ஒரு கம்பெனி, இந்த வருடம் அதிகமாகக் குழாய் வாங்கிய மாந்தோப்புக்காரர்களை இரண்டு நாள் குமுளிக்கு அழைத்துப்போனது. தங்கும் இடம் 'வெல்மோரா' என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நான் இரண்டு முறை படித்தேன். உன் அண்ணியும் வாங்கிப் படித்தாள். குமுளி என்றதும் கொஞ்சம் தயங்கத்தான் செய்தேன். ஆனால் குமுளியில் ஓட்டலுக்கா பஞ்சம் என்று கிளம்பிவிட்டேன்.

போய் இறங்கும்போது ஒரே மழை, மூடுபனி. எதிரில் நிற்கிற ஆள் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் பார்த்த ஹில் கிரௌனுக்கு வாசல் பெரிய ரோட்டின் மேலேயே இருந்தது. இதற்கு ஏலத்தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிற புது வாசல். வரவேற்பறையும் புதிது, சுவரெல்லாம் சாம்பல் நிறம், வேலைக்காரர்களுக்குப் பச்சை உடுப்பு. நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அங்கே ரொம்பப் பிடித்துப்போயிற்று. 214ஆம் எண் அறை. தலையணை எனக்கு ஆகாது, கட்டிலில் தலைமாட்டில் தலையணையே இல்லை. காலுக்கு முட்டுக் கொடுக்க மட்டும் ஒன்று இருந்தது. பிளாஸ்கில் சீரகத் தண்ணீர். கட்டிலுக்கு எதிரே ஆள் உயரக் கண்ணாடி, அதை வெள்ளைத் துணி போட்டு அழகாக மூடியிருந்தார்கள். கண்ணாடியைப் பார்த்துப் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. பெரிய ஓட்டல் என்றால் இதுதான், மனிதன் மனசைப் படித்து வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மேஜை மேல் இருந்த கருத்து அட்டையை எடுத்துப் பக்கம் நிறையப் பாராட்டி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கீழே கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. திரையை விலக்கினேன். கீழே நீச்சல் குளம். கிளிமூக்கு மாங்காயைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு குளம். அன்றைக்கு ஹில் கிரௌனுக்கு வந்தபோது உடன் வந்தவர்களிடம், "நம்ம கிளிமூக்காட்டமே இருக்குதுங்க" என்று காட்டியவனே நான்தான். குளத்தோரம் ஒருத்தி துண்டுகளை எண்ணி இடது கையால் குறித்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் இடது கைக்காரி நீ ஒருத்திதான்.

பெயரை மாற்றி வைத்த அதே ஹில் கிரௌன்தான். பல்கூட விளக்காமல் போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

இப்போது சொல். நான் வருவது உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு என் சத்தியத்தை உடைக்க வைத்தாயா? வீடு வந்த மறுநாளே தோட்டத்து மோட்டார் புகைந்துவிட்டது. கன்றுக்குட்டி தீவனத்தைத் தொடமாட்டேன் என்கிறது. அம்மன் கணக்குத் தீர்க்க ஆரம்பித்துவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது. அந்த அட்டையில் எழுதிய பாராட்டையும் வாபஸ் வாங்கப்போகிறேன். உங்கள் மேனேஜருக்கு எழுத விலாசம் அனுப்பு.

போனில் கூப்பிடாதே. உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்பது உனக்கே தெரியும்.

மோகனசுந்தரம்

---

குமுளி,
28.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் இல்லை என்று நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். திட்டுதான் என்று தெரிந்தும் இரண்டு முறை படித்தேன்.

ஆமாம், நீங்கள் வருவது எனக்குத் தெரியும். நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் விருந்தினர் பட்டியல் வந்தது. மோகனசுந்தரம், முதலமடை என்று இருந்தது. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு துணி அடுக்கும் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லி அனுப்பலாம் என்றால் எப்படிச் சொல்வேன்? என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அண்ணிக்குச் சொன்னால் நீங்கள் வரமாட்டீர்கள். நீங்கள் வரக்கூடாது என்று எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

வந்தால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. ஜனவரியில் ஓட்டலைப் புது நிறுவனம் எடுத்தது. பெயர், உடுப்பு, சோப்பு, சாவி எல்லாம் மாறின. பழைய ஆட்களான எங்களுக்கு ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் எல்லாம் புதிதாக நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்தோம். அந்த ஆறு மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது நீங்கள் வருகிறீர்கள். போன முறை மாதிரி நடந்தால்?

போன முறை என்ன நடந்தது என்று உங்களுக்கு உங்கள் பக்கம் மட்டும்தான் தெரியும். நான் குளியலறைத் தரையில் மண்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மூலை எப்படித் துடைப்பது என்று காட்டிக்கொடுத்தேன். திரும்பினால் வாசலில் நீங்கள், உங்கள் பின்னால் உங்கள் கூட்டாளிகள். "ஆறு மாசக் கொழந்தைய ஊட்டுல போட்டுட்டு எவனோ குளிச்ச எடத்தத் தொடைக்கறயா? நம்ம காட்டுல வேலையில்லாமப் போச்சா உனக்கு?" என்று வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினீர்கள். அந்தப் பெண் அடுத்த நாளே வேலையை விட்டுப் போய்விட்டாள். நான் போகவில்லை.

இந்த முறை நீங்கள் படகு பார்க்கக் கிளம்பிப் போன பிறகு 214க்கு நானே போனேன். மற்ற அறைகளை எல்லாம் பெண்கள் பார்த்தார்கள். உங்களுடையதை மட்டும் யாரிடமும் விடவில்லை. தலையணையை எடுத்ததும் கண்ணாடியை மூடியதும் நான்தான். சின்ன வயதில் அப்பாவின் அலமாரிக் கண்ணாடிக்குப் பயந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுப்பீர்களே, அது மறந்துவிடுமா? சாயங்காலம் உங்கள் பஸ் வந்தபோது ஓடிப்போய் ஒளிந்தேன். எங்களோடு வேலை பார்க்கும் ஞானஜோதி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, பேய் வந்த மாதிரி பயந்து நிக்கிய? உங்க அண்ணன்தானே, புலியா?" என்றாள். புலி என்றால் பரவாயில்லை என்று சொன்னேன்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று காலைக் கூட்டத்தில் எங்கள் ஜெனரல் மேனேஜர் ரிஞ்சு மேடம் உங்கள் அட்டையை எடுத்து வாசிக்கச் சொன்னார். தமிழில் இருந்ததால் ஞானஜோதியே வாசித்தாள். 'இந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் வேலைக்காக மட்டும் செய்யவில்லை. நம் வீட்டு ஆள் ஒருவர் வந்து செய்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இப்படிப்பட்டவரை இந்த ஓட்டல் விட்டுவிடக் கூடாது.' கடைசியில் 'அறையைப் பராமரித்தவர் பெயர் தெரியுமா' என்ற கேள்விக்கு நீங்கள் 'பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தீர்கள்.

அண்ணா, அந்த இடத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. ஆனால் ஒரு விதி இருக்கிறது. சொந்தக்காரர் எழுதிய பாராட்டு செல்லாது, அதை மறைத்தால் தவறு. கூட்டம் முடிந்ததும் மேடத்திடம் போய், எழுதியது என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன்.

மேடம் அட்டையை மறுபடி கையில் எடுத்தார். அவர் கோட்டயம் பக்கம், தமிழ் அரைகுறை. "யோகா, எழுதும்போது அவருக்கு அறியுமோ, இது நீயாக்கும்னு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அறியாமல் எழுதினதல்லே? அப்போ செல்லும்" என்றார்.

நேற்று எனக்கு நிரந்தர உத்தரவு கொடுத்தார்கள். ஹவுஸ்கீப்பிங் முழுவதும் இனி என் பொறுப்பு. அட்டையால்தானா என்று நான் கேட்கவில்லை. பாராட்டை வாபஸ் வாங்க வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள், விலாசம் உங்கள் அழைப்பிதழிலேயே இருக்கிறது. ஆனால் எந்த வரி பொய் என்று எழுதி வாங்குவீர்கள்?

அன்புடன்,
யோகப்பிரியா

---

முதலமடை,
4.7.2025

யோகப்பிரியாவுக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. வாபஸ் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எந்த வரி பொய் என்று நீ கேட்டிருந்ததைப் படித்துவிட்டு எழுந்துவிட்டேன். அதை இப்போதைக்கு விடு.

எனக்கும் ஒரு வருத்தம் இருக்கிறது, நீ அதைக் கேட்டதே இல்லை. ஓட்டலில் என்ன வேலை என்று நான் கேட்டபோது நீ "நிர்வாகம்" என்று சொன்னாய். அதை நம்பித்தான் ஊரெல்லாம் "என்ற தங்கச்சி குமுளியில மேனேஜருங்க" என்று சொல்லி வைத்தேன். பெருமையாகக் காட்டத்தான் அவர்களை அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ வந்து காபி கொடுத்து உட்கார வைப்பாய் என்று எதிர்பார்த்து வந்தவன் பார்த்தது என்ன? திரும்பி வரும்போது வண்டியில் ஒருத்தரும் என்னோடு பேசவில்லை. பேசாமல் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் வண்டியை விட்டு இறங்கியதும் நேராகக் கோவிலுக்குப் போனேன். என்னை ஏன் பொய்யனாக்கினாய்?

சரி. இப்போது என் கவலை வேறு. சத்தியம் உடைந்ததா, உடையவில்லையா? தெரியாமல் செய்ததற்குத் தண்டனை உண்டா என்று யாரைக் கேட்பது? கேட்டால் நடந்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் சிரிப்பார்கள். உன் அண்ணி மட்டும், "பேரே மாறிப்போச்சுங்களே, நீங்க சத்தியம் பண்ணுன ஓட்டலு இப்ப எங்கீங்க இருக்குது?" என்கிறாள். அவள் பேச்சைக் கேட்டு அம்மனிடம் கணக்கு சொல்ல முடியுமா? எதற்கும் கேட்கிறேன். பழைய பெயர்ப்பலகை உண்மையிலேயே இறங்கிவிட்டதா? நான் வருவதற்கு முன்பா, பிறகா? வேறு எங்காவது அந்தப் பெயர் இருக்கிறதா? சரியாக விசாரித்து எழுது.

மோட்டாருக்குக் கம்பிச் சுருள் புதிதாகக் கட்டியாகிவிட்டது. இடி இறங்கிக் கருகியதாக மெக்கானிக் சொன்னான். கன்றுக்குட்டி இன்னும் அரைகுறையாகத்தான் தின்கிறது.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள்.

மோகனசுந்தரம்

---

குமுளி,
9.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இத்துடன் ஒரு துணி வைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், சலவை செய்ததுதான். ஜனவரியில் பழைய பெயரும் கிரீடமும் போட்ட துண்டுகளை எல்லாம் எங்களையே வெட்டச் சொன்னார்கள். ஒவ்வொன்றையும் நாலாகக் கிழித்து, ஜன்னல் துடைக்கும் துணியாக்கிவிட்டோம். நீங்கள் சத்தியம் செய்த ஹில் கிரௌனில் இப்போது மிச்சம் இருப்பது இந்தக் கிரீடத்தில் பாதிதான். பலகை ஜனவரி பதினெட்டாம் தேதி இறங்கியது. கிரேன் வைத்து இறக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். போதுமா விசாரணை?

வேடிக்கையாக எழுதிவிட்டேன், ஆனால் உங்கள் வருத்தம் எனக்குப் புரிந்தது. அதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். நிர்வாகம் என்று சொன்னது பாதிப் பொய். மெத்தை விரிப்பேன், தரை துடைப்பேன், துண்டு எண்ணுவேன் என்று சொன்னால் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நீங்கள் ஊரில் பெருமை பேசுகிறீர்கள் என்று தெரிந்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பெருமை எனக்கும் இனித்தது, விட்டுவிட்டேன். வண்டியில் யாரும் பேசாமல் வந்தார்கள் என்று படித்தபோது எனக்கு வலித்தது. என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணா.

வேலைக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். அது எனக்குப் பிடித்த வேலை.

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அண்ணி கேட்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போன வாரம்தான் அண்ணியோடு பேசினேன், பாப்பாவும் பேசினாள். கேட்டது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மௌனிகா நன்றாக இருக்கிறாள். பேர்தான் மௌனிகா, தூங்கும்போதுகூடப் பேசுகிறாள். பாலர் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். மற்ற பிள்ளைகளின் தோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு மட்டும் ஏம்மா காதுல ஓட்டையில்ல?" என்று கேட்கிறாள்.

என்ன சொல்வேன்? ஒரு வயது முடியும் முன்னால் குத்தலாம் என்று நாள் பார்த்திருந்தோம், அப்போதுதான் நீங்கள் சூடம் அணைத்தீர்கள். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது என்று நானே தள்ளிப்போட்டேன். உங்கள் மாப்பிள்ளை இந்த மூன்று வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஏலக்காய் ஏலத்துக்குப் போகிறவர், விலை படியும் வரை காத்திருப்பது அவருக்குப் பழக்கம். ஆனால் மாமியார் வீட்டில் இப்போது கேட்கிறார்கள். ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும், செப்டம்பர் பதினாலில் பாப்பாவுக்கு நாலு வயதாகிவிடும், பெரியப்பா முறையில் ஒருவரை உட்கார வைத்து முடித்துவிடலாம் என்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் மனசு வரவில்லை.

ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை நல்ல நாளாம். கம்பத்தில் அவர்கள் கோவிலில். நான் உங்களை வாருங்கள் என்று வற்புறுத்தவில்லை. உங்கள் மடி இருந்தால் அன்றைக்கு. இல்லாவிட்டால் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். காத்திருந்து காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது அண்ணா.

அன்புடன்,
யோகப்பிரியா

---

முதலமடை,
19.7.2025

அன்புள்ள யோகப்பிரியாவுக்கு,

உன் கடிதத்தையும் அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு சின்னமுத்துப் பூசாரியிடம் போனேன். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க பேரச் சொல்லித்தானுங்க சத்தியம் பண்ணுனீங்க? அந்தப் பேரு இப்பக் கந்தையாப் போச்சு. அப்பறம் என்னத்துக்குங்க ரோசன பண்றீங்க? ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா, போய்ச் சோறு தின்னுங்க" என்றார்.

அப்பாடா என்று இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், மார்பில் ஏற்றி வைத்த மாங்காய்க் கூடையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து எட்டு தோசை சாப்பிட்டேன். மத்தியானம் படுத்தவன் சாயங்காலம்தான் எழுந்தேன். கன்றுக்குட்டியும் அன்றைக்கே தொட்டியில் வாய் வைத்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தை அன்றைக்கே எழுதியிருப்பேன். முடியவில்லை. உன் அண்ணி மூன்று நாள் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு நாள் காலையில் கட்டில் விரிப்பை 214இல் இருந்த மாதிரி விரித்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். நாலு மூலையில் மூன்றுதான் அடங்கியது. நாலாவதை இழுத்தால் முதல் மூலை பிய்த்துக்கொண்டு வந்தது. வேர்த்து விறுவிறுத்துக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தேன். அப்போது ஒன்று உறைத்தது. அன்றைக்கு நான் ஆத்திரப்பட்டது பெயர்ப்பலகையைப் பார்த்தா? உன்னைப் பார்த்து. மண்டி போட்டிருந்த உன்னைப் பார்த்து. பலகை மாறியதால் சத்தியம் போயிற்று என்றால், நான் சொன்னது சரி, பலகைதான் தப்பு என்று ஆகிவிடும். பெயர் மாறாமல் இருந்திருந்தால் பாப்பாவின் காதை அப்படியே விட்டிருப்பேனா?

யோசிக்க யோசிக்க எனக்கே என்னைப் பிடிக்காமல் போயிற்று.

நேற்று ஆடி முதல் வெள்ளி. கோவிலில் நல்ல கூட்டம். அன்றைக்கு என்னோடு வந்து பார்த்தவர்களில் ஐந்து பேர் இருந்தார்கள், அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினேன். "என்ற தங்கச்சிய அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. அவ மேனேஜரில்லீங்க, நாந்தான் பெருமைக்குச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவ ரூம்பு கூட்டித் தொடைக்கறவ. நல்லாத் தொடைக்கறா. ரெண்டு நாள் அவ விரிச்ச மெத்தையிலதானுங்க படுத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், "இதச் சொல்றதுக்கு உங்களுக்கு மூணு வருசமாச்சுங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு ஒரு சூடம் ஏற்றினேன். அன்றைக்கு ஏற்றிய கையோடு அணைத்தேன் அல்லவா? இதை அணைக்கவில்லை. அதுவாக எரிந்து அடங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் எரிகிறது தெரியுமா ஒரு சூடம்!

ஆவணி பன்னிரண்டுக்கு வருகிறேன். பாப்பா என் மடியில்தான் உட்கார வேண்டும், மாமியார் வீட்டில் சொல்லிவிடு. மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன். தோடு இங்கே நம் பத்தரிடம் செய்யக் கொடுத்திருக்கிறேன், மாவடு வடிவத்தில்.

கோவிலில் முடித்துவிட்டுக் குமுளிக்கு வந்து ஒரு நாள் உங்கள் ஓட்டலில் தங்க வேண்டும். உன் வீடு இருக்கும்போது எதற்கு என்று கேட்காதே. அந்த வாசலைத் தெரிந்தே மிதிக்க வேண்டும். 214 கிடைக்குமா?

அன்புள்ள அண்ணன்,
மோகனசுந்தரம்

---

குமுளி,
24.7.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். உங்கள் மாப்பிள்ளை ஓட்டலுக்கே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். துணி அடுக்கும் அறையில் நின்று படித்தேன். அந்த ஐந்து பேர் முன்னால் நீங்கள் சொன்னது வரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஞானஜோதி பதறிப்போய், "யாருக்கு என்னக்கா ஆச்சு?" என்றாள். நல்லதுதான் ஆச்சு என்று அழுதுகொண்டே கடிதத்தை அவளிடம் நீட்டினேன். அவளும் சேர்ந்து அழுதாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு மூன்றாம் மாடி அறைகளைப் பார்க்கப் போனோம்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். பேச்சே இல்லை. ஒரு இருமல் கேட்டது, பிறகு மாடு ஒன்று கத்தியது, வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை அண்ணா. மூன்று வருடம் பூட்டிய வாய் ஒரே நாளில் திறக்காது. நாளைக்கும் இருமுங்கள், நான் எடுப்பேன்.

214 உங்கள் பெயரில் போட்டாகிவிட்டது. இந்த முறை நீங்கள் என் அண்ணன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசலில் வந்து நின்று வரவேற்பேன், ஒளிய மாட்டேன். உடுப்போடுதான் நிற்பேன்.

பாப்பாவிடம் மாமா வருகிறார் என்று சொன்னேன். மாமா என்றால் யார் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல நீங்களே வந்துவிடுங்கள்.

அன்புடன்,
யோகப்பிரியா

---

வெல்மோரா, குமுளி
விருந்தினர் கருத்து அட்டை

தேதி: 29.8.2025

அறை எண்: 214

விருந்தினர் பெயர்: மோகனசுந்தரம், முதலமடை

தங்கிய அனுபவம்: நன்றாக இருந்தது. போன முறையைவிட நன்றாக இருந்தது. போன முறை மழை.

அறையின் வசதிகள்: எல்லாம் சரி. கண்ணாடியை வழக்கம்போலத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். நான்தான் எடுத்துவிட்டேன். நேற்றுக் காது குத்திய குழந்தை ஒன்று கூட இருந்தது. குத்தும்போது என் மடியில் போட்ட கூச்சலில் கம்பமே திரும்பிப் பார்த்தது. ஆனால் சாயங்காலம் முழுக்க இந்தக் கண்ணாடி முன்னால் நின்று தோட்டை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் என் கட்டிலிலேயே தூங்கிவிட்டது. கண்ணாடி திறந்தேதான் இருந்தது, எனக்கும் தூக்கம் வந்தது.

குறைகள் ஏதேனும்: விரிப்பின் நாலாவது மூலையை எப்படி மடிக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு முறை காட்டினார்கள். இன்னும் பிடிபடவில்லை. இது என் குறை.

பிற கருத்துகள்: சொந்தக்காரர் எழுதினால் செல்லாது என்று மேனேஜர் மேடம் சொன்னார். செல்ல வேண்டாம். இருந்தாலும் எழுதுகிறேன்.

அறையைப் பராமரித்தவர் பெயர் தெரியுமா: தெரியும். யோகப்பிரியா. என் கூடப் பிறந்தவள்.